தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு விமானம்

கிறிஸ்துராஜ் கை வைத்தால் நின்றுபோன மிஷினும் ஓடும் என்று ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அவன் கை வைத்தால் ஓடுகிற மிக்ஸியும் நின்றுவிடும் என்று அவன் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இரண்டுமே உண்மைதான். கம்பெனியில் அவன் சம்பளத்துக்கு வேலை செய்தான், வீட்டில் ஆசைக்கு வேலை செய்தான். ஆசைக்குச் செய்கிற வேலையில் மனுஷனுக்கு நிதானம் இருக்காது.

அந்த ஆசை குட்டி விமானத்தின் மேல். சென்னை ரிச்சி தெருவில் பழைய ரிமோட் ஒன்று கிடைத்த நாளிலிருந்து ஐந்து விமானம் செய்து ஐந்தையும் பாலாற்று மணலில் குத்தியிருக்கிறான். ஆறாவதுதான் ஒழுங்காகப் பறந்தது. ஐந்தடி இறக்கை, மோப்பெட் மாதிரிக் கத்துகிற சின்ன என்ஜின். இறக்கையின் மரச்சட்டத்துக்கு மேல் மற்ற ஊர்க்காரர்கள் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார்கள். கிறிஸ்துராஜ் தோல் ஒட்டினான். ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற, காகிதம் மாதிரி மெல்லிசான ஆட்டுத்தோல். ஆம்பூர்க்காரன் கைக்குத் தோல்தான் முதலில் அகப்படும். தடவிப் பார்த்தவர்கள் எல்லாம் "பட்டு மாதிரி இருக்குதுப்பா" என்றார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

2003 நவம்பரில் அவர்கள் திருச்சபைக்கு நூறு வயது. ஊரை விட்டுப் போன குடும்பங்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து ஆராதனையில் உட்கார்வதாக ஏற்பாடு. பெங்களூர், கோலார், சென்னை என்று அறுநூற்று நாற்பது பேர் வருவதாகக் கணக்கு. அத்தனை பேரையும் ஒரே படத்தில் பிடிக்க வேலூரிலிருந்து ஒரு போட்டோகிராபரைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தபோது கிறிஸ்துராஜ் எழுந்து நின்றான்.

"மாடியில நின்னு எடுத்தா முன்வரிசையில மூஞ்சி தெரியும், பின்வரிசையில மண்டைதான் தெரியும். மைதானத்துல எல்லாரும் சிலுவை மாதிரி நில்லுங்க. நான் வானத்துல இருந்து எடுத்துத் தர்றேன்."

செயலாளர் ஜோஸ் பேங்கில் வேலை பார்ப்பவர். எதற்கும் இரண்டு சாட்சி கேட்கிற ஆள். "ஏம்ப்பா, அது பறக்குமா?" என்றார்.

"ஞாயித்துக்கெழமை பாருங்க."

போதகருக்கு இது பிடித்துப்போனது. வேலூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி இன்பம், பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாகப் பிள்ளைகளை மேய்ப்பவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த போட்டோகாரரும் ஒரு ஓரமா நின்னு எடுத்தா இன்னாங்க கொறஞ்சு போவுது?" கிறிஸ்துராஜ் என்ஜினைத் துடைக்கப் போய்விட்டான். ரோஷம் வந்தவனுக்கு நல்ல யோசனை காதில் விழாது.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் சனம் மைதானத்துக்கு வந்தது. சுண்ணாம்புக் கோட்டில் சிலுவையாக நின்றார்கள். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். கோலாரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் பதினாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இடம் இல்லாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு முறை இந்தக் கூட்டத்தை இப்படி நிறுத்துவது நடக்கிற காரியமில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பிவிடுவார்கள்.

விமானத்தின் வயிற்றில் கண்ணாடி கீழே பார்க்க ஒரு பிலிம் கேமராவைக் கட்டியிருந்தான். ரிமோட்டில் ஒரு குமிழை அழுத்தினால் ஒரு படம் விழும். விமானம் கத்திக்கொண்டு மேலே ஏறியதும் அறுநூற்று நாற்பது முகமும் ஒன்றாக நிமிர்ந்தது. முதல் சுற்றில் இரண்டு படம், இரண்டாவது சுற்றில் மூன்று படம். கைதட்டலில் மைதானம் அதிர்ந்தது. அத்தோடு இறக்கியிருக்கலாம். யாரோ "இன்னொரு தபா!" என்று கத்தினார்கள். நம் ஆள் புகழ்ச்சியில் மயங்கிவிட்டான்.

மூன்றாவது சுற்றில் விமானம் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திருப்பினால் மெதுவாகத் திரும்பியது, ஏற்றினால் ஏறவில்லை. சுமை தூக்கியவன் மாதிரி இறங்கி இறங்கி வந்து, மைதானத்துச் சுவரோரம் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தின் உச்சியில் போய்ச் செருகிக்கொண்டு நின்றது. என்ஜின் ஒரு முறை இருமி ஓய்ந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மரம் நாற்பதடிக்குக் குறையாது. விமானம் இருந்த கிளைக்கு இரண்டடி கீழே, சுவரை ஒட்டி, பதினோராயிரம் வோல்ட் மின்கம்பி மூன்று இழையாகப் போய்க்கொண்டிருந்தது. விமானம் நழுவினால் நேரே கம்பி மேல்தான் விழும். விழுந்தால் கேமரா கருகும், பிலிம் உருகும், படம் போச்சு. அந்தக் காலத்துக் கேமராவில் எடுத்ததை அங்கேயே பார்க்க முடியாது. பிலிம் சுருள் கையில் வந்து, கழுவி எடுத்தால்தான் உண்டு. அறுநூற்று நாற்பது பேரும் இப்போது அந்த மரத்தின் மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆளாளுக்கு ஒரு யோசனை. சிலர் கல்லைத் தேடினார்கள். சிலர் காலில் இருந்ததையே கழற்றி எறிந்தார்கள். ஆம்பூரில் செருப்புக்கா பஞ்சம்? இரண்டு செருப்பு மரத்திலேயே தங்கிவிட்டது. ஒன்று கம்பியை உரசிக்கொண்டு போனதும் கிறிஸ்துராஜ் "யாரும் எறியாதீங்க! எறியாதீங்க!" என்று குறுக்கே ஓடினான். கோலார்த் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரம் ஏறத் தயாரானார். பதினாறு வருஷமாகப் பேசாத அண்ணன் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்து, "சாவுறதுன்னா உன் ஊர்ல போய் சாவுடா" என்றார். பேச்சுவார்த்தை இப்படியாகத் தொடங்கியது.

ஜோஸ் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, "அந்த வேலூர்க்காரர் நம்பர் என்கிட்ட இருக்குது, கூப்பிடட்டுமா?" என்றார். கிறிஸ்துராஜ் கிழக்கே பார்த்தான். வேலூர்ப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. போட்டோகிராபர் வருவதற்குள் மழை வந்துவிடும். மழை வந்தால் கூட்டமும் நிற்காது, மரத்தில் இருக்கிற கேமராவும் தாங்காது. அவனுக்கு அழுகை வந்தது. முப்பத்தாறு வயது ஆம்பளை மைதானத்து நடுவில் அழ முடியாது என்பதால் சுவரைப் பார்க்கத் திரும்பினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டேனரி. தோல் காயப்போடுகிற இரண்டாம் மாடி மரத்தின் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. சுவருக்குப் பதிலாக மரப்பலகைகள் வைத்த, காற்றோட்டமான மாடி. அதன் ஓரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே பதிமூன்று, பதினாலு அடிதான் இருக்கும். அங்கிருந்து ஒரு கம்பு நீட்டினால்?

டேனரிகளுக்கு அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். கேட் திறந்திருந்தது. மேனேஜர் ஜியாவுதீன் கிறிஸ்துராஜுக்குத் தெரிந்தவர்தான். "விமானமா? சுவரோர மரத்துலயா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் இவன் உள்ளே ஓடிவிட்டான். தோல் ஊறப்போடுகிற தொட்டியோரம் நீளமாக ஒரு மூங்கில் கம்பு சாய்த்து வைத்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

மாடியில் கூரைச் சட்டங்களில் வரிசை வரிசையாகத் தோல் தொங்கியது. ஆறேழு பெண்கள் வேலையில் இருந்தார்கள். கிறிஸ்துராஜ் அவர்களைப் பார்க்கவே இல்லை. ஓரத்துப் பலகை ஒன்றைத் தள்ளித் திறந்து கம்பை வெளியே நீட்டினான். நுனி காற்றில் ஆடியது.

"கம்பைக் கீழ போடுங்க சார்!"

குரல் வந்த அதே நேரத்தில் கம்பின் அடியில் ஒரு மிதி விழுந்தது. நுனி மேலே எகிறி, மின்கம்பியை விட்டு விலகி நின்றது. மிதித்தவளுக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, மேலே ஒரு ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள்.

"அது தொட்டிக் கம்பு. வருசம் பூரா உப்புத் தண்ணியில ஊறுறது. கரண்ட் கிட்டப் போனா கம்பி மாதிரி உங்க கைக்குக் கொண்டாந்து குடுக்கும். தெரியாதா?"

தெரியும். மிஷின் வேலை செய்கிறவனுக்கு உப்பும் ஈரமும் மின்சாரமும் என்னவென்று தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். கையைப் பார்த்தான். உள்ளங்கையெல்லாம் ஈரம், உப்பு வாடை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் பெயர் எல்லம்மா. அந்த மாடியில் தோல் தொங்கவிடுகிற வேலை. ஈரத் தோலைத் துணி சுற்றிய கவட்டைக் கம்பில் ஏந்தி, பதினைந்தடி உயரத்துச் சட்டத்தில் சுருக்கம் விழாமல் போட வேண்டும். காய்ந்ததும் கீறல் விழாமல் எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். கிறிஸ்துராஜ் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். நூறு வருஷம், அறுநூற்று நாற்பது பேர், பிலிம், மழை. அவள் அதைப் பாதிக் காதில் வாங்கிக்கொண்டு பலகை இடுக்கு வழியாக விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெக்கைக்குத் தோலா போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"ராத்திரி எங்க வெச்சிருந்தீங்க?"

"சர்ச் வராந்தாவுல."

"நேத்து ராத்திரி பூரா தூறல். தோலு சும்மா இருக்குமா? குடிச்சிருக்கும். அதான் கனத்துப்போய் எறங்கிடுச்சு."

ஐந்து மாதம் அவன் செய்த கணக்கில் வராதது அவளுக்கு ஒரு பார்வையில் வந்துவிட்டது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக, இவளிடம் விட்டுவிடலாம் என்று ஒரு தைரியமும் வந்தது.

"அந்தத் தோலுதான் இப்ப அதைப் புடிச்சு வெச்சிருக்குது," என்றாள் எல்லம்மா. "ஒரு குச்சி ரெக்கைக்கு அடியில பொத்துக்கினு உள்ள போயிருக்குது பாருங்க. பிளாஸ்டிக்கா இருந்தா அப்பவே கிழிஞ்சு கம்பி மேல விழுந்திருக்கும். இழுக்கக் கூடாது சார். இழுத்தா போச்சு. ரெண்டு பக்கமும் ஏந்தி மேல தூக்கணும், குச்சியில இருந்து கழண்டுக்கும். அப்புறமா பின்னால நடந்து உள்ள கொண்டாந்துடலாம்."

"நீங்க எடுத்துத் தருவீங்களா?"

"எடுக்கலாம். கூட வேலை செய்யுற விஜயகுமாரி இருக்கா, ரெண்டு பேருமா எடுக்கலாம். ஆனா லைனை நிறுத்தாம நான் கம்பைத் தொட மாட்டேன்."

கிறிஸ்துராஜ் கீழே ஓடி ஈ.பி. ஆபீஸுக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை. லைன்மேன் கலீமுல்லா வேறு தெருவில் வேலையாக இருந்தார், முடித்துவிட்டு வருகிறேன் என்றார். காத்திருந்த அந்த ஒரு மணி நேரம் கிறிஸ்துராஜின் ஆயுசில் பத்து வருஷம். வானம் ஆம்பூர்ப் பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது. மைதானத்திலிருந்து ஒவ்வொருவராக டேனரிக்குள் வந்து, "காஞ்ச கம்பாலதானம்மா எடுக்கப்போறே, சட்டுனு எடுத்துடேன்" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். ஜோஸ் வந்து சொன்னார். போதகரே வந்து, "மகளே, மழை வந்துடும் போலிருக்கே" என்றார். கிறிஸ்துராஜ்கூட ஒரு தரம் வாயைத் திறந்தான்.

எல்லம்மா யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. "கரண்ட் நிக்கட்டும்" என்று எல்லோருக்கும் ஒரே பதில். அந்த நேரத்தை அவள் வீணாக்கவும் இல்லை. காய்ந்த கம்பாக இரண்டு பொறுக்கி, ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டு, வேண்டாததை ஒதுக்கினாள். கவட்டையில் புதுத் துணி சுற்றினாள். மாடி விளிம்பில் ஒரு பழைய தோலை நாலாக மடித்துப் போட்டாள், கம்பு அதன் மேல் வழுக்கி வரட்டும் என்று. விஜயகுமாரி இருவர் இடுப்பிலும் கயிறு கட்டித் தூணில் முடிச்சுப் போட்டாள். அப்புறம் இருவரும் ஒரு ஈரத் தோலை எடுத்து, கம்பைக் கிடைமட்டமாக நீட்டி ஏந்தி, உள்ளேயே மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள்.

பதினொன்றேகாலுக்குக் கலீமுல்லா வந்தார். தெருமுனைக் கம்பத்தில் இருக்கிற கைப்பிடியைக் கீழே இழுத்து லைனை நிறுத்தினார். கம்பியைப் பூமியோடு இணைத்துக் கட்டினார். மேலே நிமிர்ந்து, "ஆஃப் ஆயிடுச்சும்மா, எடுங்க" என்று கத்தினார். டேனரியில் ஃபேன், மோட்டார் எல்லாம் ஓய்ந்து ஊரே அமைதியானது.

எல்லம்மா எடுக்கவில்லை. "கைப்பிடிக்குப் பூட்டு போட்டீங்களாண்ணா?"

"போட்டுட்டேன்."

"சாவி?"

"என்கிட்ட இருக்குது."

"மேல குடுத்து உடுங்க."

கலீமுல்லா முகம் சுருங்கியது. "என் மேல நம்பிக்கை இல்லியா? பதினஞ்சு வருசமா இந்த வேலை பாக்குறேன்."

"நம்பிக்கை இருக்குதுண்ணா. எங்க தோல் ஷாப்புல ட்ரம்மு கழுவ உள்ள எறங்குறவங்க ஃபியூஸ் கட்டையைப் புடுங்கி இடுப்புல சொருகிக்கினுதான் எறங்குவாங்க. மொதலாளியே வெளிய நின்னாலும் அப்படித்தான். உள்ள இருக்குறவங்க கிட்ட இருக்கணும். அதான் இங்க பழக்கம்."

மரத்தால் ஆன, ஒரு அறை அளவு பெரிய அந்தத் தோல் ட்ரம்முகள் சுற்றினால் உள்ளே மாட்டியவன் கதி என்ன என்று ஆம்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கலீமுல்லா சாவியைக் கொடுத்தார். சாவி கை மாறிக் கை மாறி மாடிக்கு வந்தது. எல்லம்மா அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். அப்புறம்தான் கம்பை எடுத்தாள்.

கிறிஸ்துராஜ் பின்னால் நின்று பார்த்தான். வேலை தெரிந்தவர்களைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அவ்வளவு பயத்திலும் அவனுக்கு அது கிடைத்தது. இரண்டு கம்பும் மடித்த தோலின் மேல் சத்தமில்லாமல் நழுவிப் போயின. எல்லம்மாவின் கவட்டை இறக்கைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. விஜயகுமாரியின் கவட்டை வாலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே நேரத்தில் கம்பின் அடியைத் தரையை நோக்கி அழுத்தினார்கள். விமானம் கிளையில் ஒரு முறை நடுங்கி, ஒரு சாண் உயர்ந்தது. இறக்கைக்குள் போயிருந்த குச்சி மெதுவாக வெளியே வந்தது. கீழே யாரோ "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தது மாடி வரைக்கும் கேட்டது.

இனிப் பின்னால் நடக்க வேண்டும். கம்பின் நுனியில் இரண்டரைக் கிலோ, பதினாலு அடி தூரத்தில். எல்லம்மாவின் முன்னங்கை நரம்பு கயிறாகத் தெறித்து நின்றது. ஒரு அடி. இன்னொரு அடி. அப்போது காற்று ஒரு வீசு வீசியது. விமானம் சாய்ந்தது. அதன் அடியில் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கம்பி கீழே இறங்கி, மின்கம்பியின் மேலேயே போய்ப் பட்டு நின்றது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் "டங்... டங்..." என்று இரும்பு இடிக்கிற சத்தம் கேட்டது.

கிறிஸ்துராஜ் எட்டிப் பார்த்தான். பக்கத்துக் கல்யாண மண்டபத்து எலக்ட்ரீஷியன் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தான். மண்டபத்தில் வரவேற்பு, மைக் நின்றுபோய்விட்டது. கைப்பிடி கீழே இருப்பதைப் பார்த்து, அது தானாக விழுந்துவிட்டது என்று நினைத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் அது சகஜம்தான், அவசரத்துக்கு யாராவது ஒருவர் தள்ளிவிடுவார்கள். கலீமுல்லா மரத்தடியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தவர், "டேய்! டேய்!" என்று ஓடினார். பூட்டுத் தொங்குகிற கைப்பிடி, தள்ளத் தள்ள இடித்ததே தவிர நகரவில்லை.

எல்லம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் இறக்கையிலேயே இருந்தது. கம்பைக் கால் சுற்றுத் திருகி விமானத்தை நிமிர்த்தினாள். சக்கரம் மின்கம்பியை விட்டு எழுந்தது. "வா," என்றாள். அது விஜயகுமாரிக்குச் சொன்னதா, விமானத்துக்குச் சொன்னதா என்று கிறிஸ்துராஜுக்குத் தெரியவில்லை. இருவரும் பின்னால் நடந்தார்கள், எட்டு அடி, பத்து அடி, பன்னிரண்டு. மூக்கு உள்ளே வந்தது, இறக்கையை ஒருக்களித்தார்கள், வால் உள்ளே வந்தது. குழந்தையை இறக்குவது போலத் தரையில் இறக்கினார்கள்.

கைதட்டல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. ஜியாவுதீன் சாயபும் கைதட்டினார். கிறிஸ்துராஜ் கேமராவை அவிழ்த்துக் கையில் எடுத்தான். அந்தச் சாவி மட்டும் கீழே இருந்திருந்தால்? கலீமுல்லா நல்லவர்தான். ஆனால் சாவி கையில் இருக்கிற நல்ல மனுஷனிடம் மண்டபத்துக்காரன் வந்து நின்று, "பொண்ணு மாப்பிள்ளை ஸ்டேஜ்ல நிக்கிறாங்க சார், விமானத்தை எடுத்தாச்சுன்னு சொல்றாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? அவன் எல்லம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

எல்லம்மா கம்பைச் சுவரோரம் சாய்த்து வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அவனிடம் நீட்டினாள். "ரெண்டு கம்பும் உள்ள வந்துடுச்சு. இப்ப போடச் சொல்லுங்க. எங்களுக்கு ஃபேன் இல்லாம தோலு காயல."

பத்து நிமிஷத்தில் மழை கொட்டியது. அறுநூற்று நாற்பது பேரும் சர்ச்சுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்கள்.

மறுநாள் பிலிமை வேலூரில் கொடுத்தான். கடைக்காரர் வரச்சொன்ன புதன்கிழமை வரைக்கும் அவன் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஐந்து படத்தில் மூன்று ஆடிப்போயிருந்தது. ஒன்றில் சிலுவையின் ஒரு கை வெட்டுப்பட்டிருந்தது. ஐந்தாவது அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. ஈரத் தோலின் கனத்தில் விமானம் அதற்குள்ளேயே தாழத் தொடங்கியிருந்தது போல. அவன் நினைத்ததைவிடக் கிட்டத்தில் எடுத்திருக்கிறது. ஒவ்வொரு முகமும் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, சிரித்துக்கொண்டு அறுநூற்று நாற்பது முகம். இன்பம் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி வருவது லேசுப்பட்ட காரியமல்ல.

படத்தை நாலடி அகலத்துக்குப் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, சர்ச் முகப்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினார்கள். அடிச்சட்டத்தில் ஜோஸ் எழுதி வைத்திருந்த வாசகம் 'படம்: கிறிஸ்துராஜ்'. அதைப் பார்த்ததும் கிறிஸ்துராஜ் கமிட்டியில் மறுபடியும் எழுந்து நின்றான்.

"இன்னும் ரெண்டு பேரு போடணும்."

"எடுத்தவங்க பேருதாம்ப்பா போடுறது வழக்கம்," என்றார் ஜோஸ். "அவங்க நம்ம சபையே இல்லியே."

"நான் எடுத்தது மரத்து மேலதான் இருந்துச்சு. இங்க வந்து சுவத்துல தொங்குதுன்னா அது அவங்க எடுத்தது. மூணு பேரு போடுங்க. இல்லன்னா என் பேரையும் அழிச்சுடுங்க."

போதகர் ஜோஸைப் பார்த்தார். ஜோஸ் மேசையைப் பார்த்தார். அடுத்த வாரம் பெயின்டர் வந்து இரண்டாவது வரி எழுதினான்: 'மரத்திலிருந்து இறக்கியவர்கள்: எல்லம்மா, விஜயகுமாரி'.

வெள்ளிக்கிழமை, டேனரிக்கு லீவு நாளில், இரண்டு பெண்களும் படம் பார்க்க வந்தார்கள். கிறிஸ்துராஜ் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து காத்திருந்தான். விஜயகுமாரி மைதானத்தைப் பார்த்து, சிலுவையைப் பார்த்து, தெரிந்த முகங்களை விரலால் காட்டிக்கொண்டே இருந்தாள். எல்லம்மா கழுத்தை நிமிர்த்தி இரண்டாவது வரியை நிதானமாகப் படித்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் என்று கிறிஸ்துராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புருவம்தான் சுருங்கியது.

"இனிஷியல் எங்க சார்?"

"இன்னாது?"

"எங்க ரிஜிஸ்டர்ல மட்டும் ஒம்போது எல்லம்மா இருக்குறோம். பேர்ணாம்பட்டு ரோட்டுப் பக்கம் கேட்டா இன்னும் இருபது பேரு. எந்த எல்லம்மா எறக்குனான்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கிறிஸ்துராஜுக்குச் சுருக்கென்றது. ஊரோடு சண்டை போட்டுப் பெயரை ஏற்றினவன், முழுப் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இன்னா இனிஷியல்மா?"

"மு. எல்லம்மா. இவ கோ. விஜயகுமாரி."

பெயின்டர் டப்பாவும் பிரஷும் சர்ச் ஸ்டோர் ரூமிலேயே இருந்தன. ஏணியைக் கொண்டு வந்து சுவரில் சாய்த்தான். தரை வழவழவென்று புதுசாகப் போட்ட மொசைக். அவன் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னால் எல்லம்மா வந்து ஏணியின் அடியில் ஒரு காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். "இப்ப ஏறுங்க."

அவன் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு 'மு' எழுதினான், ஒரு 'கோ' எழுதினான். மேலே வெள்ளைப் பெயின்டில் தன் பெயர் முழுசாக நிற்கிறது என்று தெரிந்தும் எல்லம்மா தலையைத் தூக்கவில்லை. அவள் கண் ஏணியின் அடியிலேயே இருந்தது. கிறிஸ்துராஜ் ஒவ்வொரு படியாக இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்ற பிறகுதான், ஏணியை விட்டு நிமிர்ந்து அதைப் படித்தாள்.